வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருளுக்குச் சுங்கவரி, அனுப்பும் கட்டணம்: கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகும்?

லென்ஸ்பிரியன்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய ஃபிலிம் கேமராவுக்கு ஒரு லென்ஸ் தேடிக்கொண்டிருந்தேன். உள்நாட்டில் எங்கும் இல்லை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் நல்ல நிலையில் கிடைத்தது. பொருளின் விலை, அனுப்பும் கட்டணம் இரண்டையும் வாங்கும்போதே கட்டிவிட்டேன். பொட்டலத்தை வாசலுக்குக் கொண்டுவந்த கூரியர் ஆள் இன்னொரு பில்லை நீட்டினார். சுங்கவரி, அதன்மேல் விற்பனை வரி, அப்புறம் "முன்பணக் கட்டணம்" என்று ஒன்று. வரி கட்டுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் மூன்று விஷயங்கள் புரியவில்லை. அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்து ஏன் வரி போட்டார்கள்? வரிக்கு மேல் வரி எப்படி வந்தது? அந்த முன்பணக் கட்டணம் யாருக்குப் போகிறது? இன்னொரு லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை மொத்தத் தொகை தெரிந்த பிறகுதான் வாங்குவதாக இருக்கிறேன்.

சரக்குக்கணக்கு:
வணக்கம் நண்பரே. சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை செய்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுங்க மதிப்பைக் கணக்கிட உலகில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்றில் பொருளின் விலையோடு காப்பீடும் கப்பல் அல்லது விமானக் கட்டணமும் சேரும். இதை சிஐஎஃப் என்போம். ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஜப்பான், இந்தியா எல்லாம் இந்த வகை. மற்றதில் பொருள் ஏற்றுமதியாகும் இடத்தில் என்ன மதிப்போ அதற்கு மட்டும் சுங்கவரி. இது எஃப்ஓபி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா இந்தப் பக்கம். உங்களுக்கு அனுப்பும் கட்டணத்தின் மேலும் வரி வந்திருக்கிறது என்றால் முதல் வகைக் கணக்குதான்.

எந்தப் பணமாக இருந்தாலும் சரி, பொருள் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் கட்டணம் 30, காப்பீடு 2. சுங்க மதிப்பு 132. சுங்கவரி 10 சதவீதம் என்றால் 13.20. இப்போது 145.20 ஆகிவிட்டது. விற்பனை வரி, அதாவது வாட் அல்லது ஜிஎஸ்டி, இந்த 145.20க்குத்தான் போடப்படும், வெறும் 100க்கு அல்ல. அது 20 சதவீதம் என்றால் 29.04. ஆக 174.24. இதுவரை அரசுக்கும் விற்பனையாளருக்கும் போனது. உள்நாட்டில் செய்த பொருளுக்கும் கடைசி விலையின்மேல்தான் விற்பனை வரி வருகிறது. இறக்குமதிப் பொருளுக்குச் சுங்கவரியும் அந்த விலையின் ஒரு பகுதி என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. வரிக்கு மேல் வரி வருவது இப்படித்தான்.

முன்பணக் கட்டணம் அரசுக்குப் போவதில்லை. பொட்டலம் சுங்கத்தில் நிற்காமல் வர, கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் வரியை முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கிறது. அந்தச் சேவைக்கான கூலி இது. பெரும்பாலும் கட்டிய வரியில் இத்தனை சதவீதம், ஆனால் குறைந்தது இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். அந்தக் "குறைந்தது" என்ற சொல்தான் சிறிய கொள்முதல்களைக் கடிக்கிறது. வரி 4, குறைந்தபட்சக் கட்டணம் 12 என்றால் வரியைப் போல மூன்று மடங்கு கூலி. என்னைக் கேட்டால் வரி விகிதத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இந்தத் தொகையைத்தான் எல்லோரும் விசாரிக்க வேண்டும்.

மழைத்தூரல்:
இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு? விற்பனையாளரிடம் "பரிசு" என்று எழுதச் சொல்லுங்கள், விலையையும் குறைத்துப் போடச் சொல்லுங்கள். என் நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

சரக்குக்கணக்கு:
மழைத்தூரல், தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். பரிசு என்பது ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவது. நீங்களே காசு கொடுத்துக் கடையிலிருந்து வாங்குவது பரிசு ஆகாது. உண்மையான பரிசுக்குமே உச்சவரம்பு சின்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு, அமெரிக்காவில் 100 டாலர். மதிப்பில் சந்தேகம் வந்தால் அதிகாரி பணம் கட்டிய ரசீதைக் கேட்பார். அதுவரை பொட்டலம் நகராது. பொய் என்று தெரிந்தால் அபராதம், சில நேரம் பறிமுதல். அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவர் விற்பனையாளர்தான், ஆனாலும் இறக்குமதி செய்பவர் என்று பதிவாகியிருப்பது உங்கள் பெயர்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 100 மதிப்புள்ள லென்ஸை 15 என்று எழுதி அனுப்பி, வழியில் உடைந்துவிட்டால் இழப்பீடு எதை வைத்துக் கேட்பீர்கள்? நீங்களே 15 என்று அறிவித்திருக்கிறீர்கள்.

லென்ஸ்பிரியன்:
நன்றி சார். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. சுங்கவரி 10 சதவீதம் என்று உதாரணம் சொன்னீர்கள். என் பொருளுக்கு உண்மையில் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சரக்குக்கணக்கு:
எச்எஸ் குறியீட்டை வைத்து. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு தயாரிக்கும் பட்டியல் இது. 1988இல் நடைமுறைக்கு வந்தது, சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். உலகில் விற்கப்படும் எந்தப் பொருளுக்கும் அதில் ஓர் ஆறு இலக்க எண் இருக்கும். கேமரா லென்ஸ் 9002.11. மடிக்கணினி 8471இன் கீழ். அச்சிட்ட புத்தகம் 4901. இந்த ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் விகிதம் வந்துவிடும்.

ஒரு பொருள் எந்த எண்ணில் விழுகிறது என்பதற்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் டாய் பிஸ் என்ற நிறுவனம் எக்ஸ்-மென் போன்ற மார்வெல் படக்கதைப் பாத்திரங்களின் பொம்மை உருவங்களை இறக்குமதி செய்தது. மனித உருவம் என்றால் "பாவை", 12 சதவீதம். மனிதரல்லாத உருவம் என்றால் "விளையாட்டுப் பொருள்", 6.8 சதவீதம். எக்ஸ்-மென் பாத்திரங்கள் மனிதர்கள் அல்ல என்று 2003இல் தீர்ப்பு வந்தது. ஒரு வகைப்பாட்டில் வரி கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், விற்பனையாளர் பொட்டலத்தின் மேல் "உதிரி" என்றோ "மாதிரி" என்றோ எழுதினால் அதிகாரி ஊகிக்க வேண்டிவரும், ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்ப முடியாது. "பயன்படுத்திய கேமரா லென்ஸ், கண்ணாடி மற்றும் உலோகம், 9002.11" என்று எழுதச் சொல்லுங்கள்.

தபால்தலை:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கூரியர்தான் ஒரே வழி என்று லென்ஸ்பிரியன் நினைக்க வேண்டாம். தபால் வழியும் இருக்கிறது. சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கத் தபால் துறைகளும் கட்டணம் வாங்குவது உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பொட்டலத்துக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை, கூரியரை விடக் குறைவு. சின்னப் பொருள் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

தபால் மலிவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட ஏற்பாடு இருக்கிறது. 1874இல் பெர்ன் நகரில் தொடங்கியது உலகத் தபால் ஒன்றியம். இன்று 192 நாடுகள் உறுப்பினர். ஒரு நாட்டின் தபால்காரர் இன்னொரு நாட்டின் பொட்டலத்தை வீடுவரை கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அனுப்பும் நாடு தரும் தொகையை முனையக் கட்டணம் என்கிறார்கள். வளரும் நாடுகளுக்கு அது குறைவாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கிலோவுக்குள்ளான சிறு பொட்டலங்கள் ஆசியாவிலிருந்து அத்தனை மலிவாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இது எங்களுக்கு நஷ்டம் என்று 2018இல் அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகப்போவதாக அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு கூட்டி, அதிக அளவில் தபால் பெறும் நாடுகள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம் என்று சமரசம் செய்தார்கள். "முன்பெல்லாம் இலவசமாக அனுப்பினார்களே, இப்போது ஏன் இல்லை" என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

தபாலில் வரும் பொருளில் ஒட்டும் சிஎன் 22 சீட்டையும் கவனியுங்கள். மதிப்பு 300 எஸ்டிஆர் வரை அது போதும், அதற்கு மேல் சிஎன் 23 என்ற பெரிய படிவம். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு.

விரைவு:
தபால்தலை சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். விலை உயர்ந்த, உடையக்கூடிய பொருளுக்கு நான் கூரியரைத்தான் சொல்வேன். சுங்கத் தாள்களை அவர்களே தயாரிக்கிறார்கள், பொட்டலம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. தபாலில் சுங்கம் கேள்வி கேட்டால் ஒரு கடிதம் வரும், அதற்குப் பதில் அனுப்பி, அப்புறம் காத்திருக்க வேண்டும். 400 மதிப்புள்ள பொருளுக்கு 12 கூலி என்றால் கொடுத்துவிடலாம். 20 மதிப்புள்ள பொருளுக்கு அதே 12 கொடுப்பதுதான் அநியாயம்.

தபால்தலை:
அந்த 20 மதிப்புள்ள பொருளை வாங்குகிறவர்களுக்காகத்தான் நானும் பேசுகிறேன். உதிரிப் பாகம், நூல், விதை, தையல் ஊசி என்று வாங்குகிறவர்களே அதிகம். வரி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் நிலையான கட்டணம் சின்னத் தொகைக்காரரைத்தான் அமுக்குகிறது. வரியை உயர்த்தினால் செய்தி வருகிறது. கூலியை உயர்த்தினால் எங்கும் வருவதில்லை. கட்டண அட்டவணையை வாங்கும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கூரியர் நிறுவனத்தின் முகவர் சேவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லைச் சேவை அலுவலகத்துக்கு நேரில் போய் வரியைக் கட்டிப் பொருளை விடுவித்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டிலும் அப்படி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நூலடுக்கு:
நான் வாங்குவது பெரும்பாலும் புத்தகங்கள். 1950இல் யுனெஸ்கோ கொண்டுவந்த ஃபுளோரன்ஸ் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் புத்தகங்களுக்குச் சுங்கவரி போடுவதில்லை. கணினிப் பொருள்களுக்கு இதே மாதிரி 1996இல் உலக வர்த்தக அமைப்பில் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை வந்தது. ஆனால் சுங்கவரி பூஜ்யம் என்றால் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. வாட் தனி, கூரியர் கூலி தனி.

எனக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒரு கடையில் வாங்கும்போதே வாட் வசூலித்துவிட்டார்கள், ரசீதிலும் இருக்கிறது. வாசலில் மறுபடியும் அதே வாட்டைக் கேட்டார்கள். கொடுத்தால்தான் பொட்டலம் கிடைக்கும் என்ற நிலை. இது ஏன் நடக்கிறது?

சரக்குக்கணக்கு:
கடை உங்களிடம் வசூலித்ததற்கு அடையாளமாக ஒரு பதிவு எண் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை ஐஓஎஸ்எஸ் எண் என்பார்கள். அது பொட்டலத்தின் மின்னணுத் தரவோடு சுங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடை அனுப்பாமல் விட்டாலோ, இடையில் கைமாறிய அனுப்பும் நிறுவனம் தவறவிட்டாலோ, சுங்கத்தின் கண்ணுக்கு அது வரி கட்டாத பொட்டலம். இரண்டு ரசீதுகளையும் வைத்துக்கொண்டு முதலில் கடையிடம் கேளுங்கள். அவர்கள் வாங்கிய வாட்டைத் திருப்பித் தருவதுதான் நேரான வழி. சுங்கத் துறை தனக்கு வந்த வரியைச் சரியாக வந்த வரியாகத்தான் பார்க்கும். மறுபடியும் அங்கே வாங்கினால், ரசீதின் நகலைப் பொட்டலத்தின் வெளிப்பக்கத்தில் உறையிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

திசைகாட்டி:
இந்த இடத்தில் வரம்பு என்ற விஷயத்தையும் பேச வேண்டும். இத்தனை மதிப்புக்குக் கீழே வரி வேண்டாம் என்று நாடுகள் வைத்திருந்தது, வசூலிக்கும் செலவே வரியைவிட அதிகமாகும் என்பதால். அமெரிக்காவில் 1938இலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. 2016இல் வரம்பை 200 டாலரிலிருந்து 800 ஆக்கினார்கள். அதன்பிறகு வந்த சிறு பொட்டலங்களின் வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். 2025 மே 2இல் சீனா, ஹாங்காங் பொருள்களுக்கும், அந்த ஆண்டு ஆகஸ்ட் 29இல் எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாததால் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பொட்டலம் வாங்குவதையே நிறுத்தின. அங்கே போகும் தபால் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது என்று உலகத் தபால் ஒன்றியமே சொன்னது.

மற்ற நாடுகள் அதற்கு முன்பே திரும்பிவிட்டன. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருளுக்கு ஜிஎஸ்டியை விற்பவரே வசூலிக்க வேண்டும் என்றது. நியூசிலாந்து 2019 டிசம்பரில் அதே வழி. பிரிட்டன் 2021 ஜனவரியில் 135 பவுண்டு வரை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1இல் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை நீக்கியது.

உள்நாட்டுக் கடைக்காரர் வரி கட்டி விற்கும்போது வெளியிலிருந்து வருவது வரியில்லாமல் நுழைவது நியாயமில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். அதை விற்பனை நேரத்திலேயே வசூலிப்பதுதான் நேர்மையான முறை. வாங்குபவருக்கு மொத்தம் தெரிகிறது, வாசலில் கூலியும் இல்லை.

காகிதப்பை:
எனக்கு வேறு சந்தேகம். ஒரு விளக்குக்கூடு வாங்கப் பார்த்தேன். எடை ஒரு கிலோகூட இல்லை. அனுப்பும் கட்டணம் ஐந்து கிலோவுக்குக் காட்டுகிறது. கடை ஏமாற்றுகிறதா?

விரைவு:
ஏமாற்று இல்லை தோழி. விமானத்தில் இடம்தான் காசு. அதனால் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். உங்கள் பெட்டி 40, 30, 20 என்றால் 24,000. வகுத்தால் 4.8 கிலோ. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். கூட்டைப் பிரித்துத் தட்டையாக அடுக்க முடியுமா என்று கடையைக் கேளுங்கள். ஒரு பக்கம் 20இலிருந்து 10 ஆனாலே கட்டண எடை 2.4 ஆகிவிடும்.

காகிதப்பை:
ரொம்ப நன்றி அண்ணா. பல கடைப் பொருள்களை ஒரே பெட்டியில் போட்டு அனுப்பித் தரும் சேவைகள் இருக்கின்றனவே, அவை உதவுமா?

விரைவு:
பெட்டிகளைக் குறைப்பதால் அனுப்பும் செலவு குறையும். ஆனால் மதிப்பும் ஒன்றாகக் கூடும். தனித்தனியாக வரம்புக்குள் இருந்தவை சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடலாம், அப்போது மிச்சப்படுத்தியதை வரியில் கொடுப்பீர்கள். இன்னொரு குறை, பொருள் உடைந்து வந்தால் கடை "நாங்கள் உங்கள் முகவரிக்கு அனுப்பவில்லை, உங்கள் முகவரின் கிடங்குக்கு அனுப்பினோம்" என்று கைவிரிக்கும். பேட்டரி உள்ள பொருள் என்றால் லித்தியத்துக்கான விமான விதிகளால் சில சேவைகள் எடுக்கவே மாட்டா.

லென்ஸ்பிரியன்:
இழையைத் தொடங்கியபோது இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். விற்பனையாளர் ஒரு நாட்டில் இருக்கிறார், லென்ஸ் செய்யப்பட்டது வேறு நாட்டில். வரி எதை வைத்து? வந்த லென்ஸ் சரியில்லாமல் திருப்பி அனுப்பினால் கட்டிய வரி என்னாகும்?

சரக்குக்கணக்கு:
முதல் கேள்வி: சுங்கவரிச் சலுகைக்குப் பார்ப்பது எங்கே செய்யப்பட்டது என்பதை, எங்கிருந்து அனுப்பப்பட்டது என்பதை அல்ல. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2021 முதல் சுங்கவரியில்லா ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றியத்திலுள்ள ஒரு கடை வேறு கண்டத்தில் செய்த பொருளைப் பிரிட்டனுக்கு அனுப்பினால், அந்தச் சலுகை கிடையாது. பலர் இதில் அதிர்ச்சியடைகிறார்கள்.

இரண்டாவது: பல நாடுகளில் திரும்பப் பெறலாம், ஆனால் தானாக வராது. விற்பனையாளர் பொருளின் விலையைத் திருப்பித் தருவார், வரியைத் தர மாட்டார், ஏனென்றால் அது அவரிடம் போகவில்லை. காலக்கெடுவுக்குள் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். பொருள் நாட்டை விட்டு வெளியேறியதற்கான சான்று, முதலில் வரி கட்டிய தாள், இரண்டும் வேண்டும். தபால் ரசீதைத் தூக்கி எறிந்துவிட்டால் கதை முடிந்தது. கூரியர் கூலி திரும்பி வருவது அரிது.

பழுதுபார்க்க அனுப்பினாலும் கவனம் தேவை. வெளியே போகும்போதே "பழுதுபார்க்க, திரும்பி வரும்" என்று முறையாக அறிவித்து, வரிசை எண்ணோடு பதிந்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்த லென்ஸ் திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதைப் போல முழு மதிப்புக்கும் வரி கேட்பார்கள். முறைப்படி அனுப்பியிருந்தால் பல நாடுகளில் பழுதுச் செலவுக்கும் போக்குவரத்துக்கும்தான் கணக்கு.

நூலடுக்கு:
ஓர் எச்சரிக்கை. "உங்கள் பொட்டலம் சுங்கத்தில் நிற்கிறது, இந்தச் சுட்டியில் சிறு தொகை கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொடாதீர்கள். பொட்டலம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரத்தில் மனம் நம்பத் துடிக்கும். கேட்கும் தொகை சிறிதுதான், அவர்களுக்கு வேண்டியது உங்கள் அட்டை எண். தபால் கண்காணிப்பு எண் 13 இடங்கள் கொண்டது. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்துக் குறி. விற்பனையாளர் தந்த எண்ணை நீங்களே தபால் துறையின் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

லென்ஸ்பிரியன்:
விற்பனையாளருக்கு இப்படி எழுதப்போகிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம். லென்ஸை வாங்க விரும்புகிறேன். தபாலிலா கூரியரிலா அனுப்புவீர்கள்? நீங்கள் காட்டும் விலையில் சேருமிடத்து வரி அடங்கியிருக்கிறதா? அடங்கியிருந்தால் ரசீதில் அதைத் தனியாகக் காட்டுவீர்களா? லென்ஸ் எந்த நாட்டில் செய்யப்பட்டது? எச்எஸ் குறியீட்டையும் முழு மதிப்பையும் சுங்கத் தாளில் எழுதித் தாருங்கள். பெட்டியின் அளவு என்ன?"

சரக்குக்கணக்கு:
நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம். "வரி அடங்கியிருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல், அனுப்பும் முறை டிடிபியா டிஏபியா என்று கேளுங்கள். டிடிபி என்றால் வரியும் விடுவிப்புச் செலவும் விற்பவர் பொறுப்பு, டிஏபி என்றால் உங்கள் பொறுப்பு. சில கடைகள் வரியை மட்டும் வாங்கிக்கொண்டு கூலியை வாசலுக்கு விட்டுவிடுகின்றன. டிஏபி என்று பதில் வந்தால் எந்தக் கூரியர் என்று கேட்டு, அவர்களின் முன்பணக் கட்டண அட்டவணையைத் தேடிப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகை அதில் இருக்கும்.

லென்ஸ்பிரியன்:
சேர்த்துவிட்டேன் சார். இப்போதே அனுப்புகிறேன். பதில் வந்ததும் கணக்கை வரிசையாக இங்கே போடுகிறேன், தபால், கூரியர் இரண்டுக்கும்.